தீ வருமுன் வந்த பொன்னாடை

காடு தந்த ஆற்றுக்கும், ஆறு தந்த வயலுக்கும், வயல் தந்த வாழ்வுக்கும் உரிமை பூண்ட ஆத்தியடிப்புதூர்ப் பெருமக்களுக்கு என் முதல் வணக்கம். அவைக்குத் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் வனக்குழுத் தலைவர், அகவையில் மூத்தவர், அன்பில் அதனினும் மூத்தவர், தாணுமாலையன் அண்ணாச்சி அவர்களே. அரசின் சார்பில் வருகை தந்து, வந்த நேரம் முதல் முகம் மலர்ந்தே வீற்றிருக்கும் வனத்துறை அதிகாரி ஐயா அவர்களே. என் பேச்சு முடியும்போதும் அந்த மலர்ச்சி வாடாதிருக்க வேண்டுமென்று இறைவனை வேண்டிக்கொள்கிறேன். மகளிர் குழுவின் தலைவி பிரம்மநாயகி அம்மா அவர்களே, முன்வரிசையில் மடியில் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பின்வரிசையில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்கும் இளைஞர்களே, கூட்டத்துக்கு வரவில்லை என்று காட்டிக்கொண்டு டீக்கடைப் பெஞ்சிலிருந்து காதை மட்டும் இங்கே அனுப்பியிருக்கும் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

என்னை வாழ்த்துரை வழங்க அழைத்திருக்கிறார்கள். அழைப்பிதழில் காஜா முகைதீன், வாழ்த்துரை என்று அச்சாகியிருக்கிறது. அம்பையில் துணிக்கடை வைத்திருக்கிற எனக்கும் காட்டுக்கும் என்ன உறவு? ஒரே உறவுதான். இதோ, மேடையில் தாம்பாளத்தில் அடுக்கி வைத்திருக்கிறீர்களே பொன்னாடைகள், அவை என் கடைச் சரக்கு.

கை தட்டாதீர்கள். நான் அதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. துணிக்காரன் சந்தேகப் பிராணி. ஒரு புடவையை நீட்டினால் நீங்கள் முந்தானையைப் பார்ப்பீர்கள், நான் ஓரத்தைப் புரட்டிப் பின்பக்கம் பார்ப்பேன். முன்பக்கம் விற்கிறவன் காட்டுவது, பின்பக்கம் நெய்தவன் செய்தது. இன்றைக்கு இந்த விழாவையும் அப்படித்தான் புரட்டிப் பார்க்கப் போகிறேன். வாழ்த்த வந்தவன் வம்பு பேசுகிறானே என்று யாரும் வருந்த வேண்டாம். உங்களை வாழ்த்தாமல் வேறு யாரை வாழ்த்துவேன்? ஆனால் வாழ்த்துகிறவர்கள் எல்லோரும் உங்கள் வாழ்வை நினைத்துத்தான் வாழ்த்துகிறார்களா என்பதுதான் எனக்கு வந்திருக்கும் ஐயம்.

கேளுங்கள். இந்த வருடம் தை மாதம். பொங்கல் வியாபாரம் ஓய்ந்து, கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரம். வன அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். "பாய், பொன்னாடை வேணும். ஓரத்துல எழுத்து அச்சடிச்சுக் குடுக்கணும்" என்றார். என்ன எழுத்து என்று கேட்டேன். "காட்டுத் தீயை வென்ற வீரருக்கு" என்று எழுதச் சொன்னார்.

நான் கேட்டேன், "எந்தத் தீ, சார்?"

அவர் சிரித்தார். "வரும்லா, பாய். பங்குனியில வராமலா போயிரும்?" என்றார்.

இப்போது நீங்களும் சிரிக்கிறீர்கள். அன்றைக்கு நானும் சிரித்தேன். சரக்கைக் கட்டி அனுப்பிவிட்டு, ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. தீ வரும் என்று தையிலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்தவர்கள் என்ன செய்திருக்க வேண்டும்? தீ பரவாமல் தடுக்கத் தீக்கோடு வெட்ட ஆள் வைத்திருக்க வேண்டாமா? மேட்டில் நின்று புகை பார்க்கக் காவலரைப் போட்டிருக்க வேண்டாமா? காவலுக்குப் போகிற காலுக்குப் பூட்ஸ் வாங்கியிருக்க வேண்டாமா? தீ வருமுன்னே தண்ணீர் வரவில்லை, ஆள் வரவில்லை, பொன்னாடை வந்துவிட்டது. வீரன் காட்டுக்குள் போகவே இல்லை, அவனுக்குப் போர்த்துவதற்கு மட்டும் துணி தயார். ஐயா, இது பாராட்டா, இல்லை முன்னேற்பாடா?

அதிகாரி ஐயா என்னைப் பார்க்கிறார். அவர் மீது எனக்கு வருத்தமில்லை. இந்த வட்டாரத்துக்கு அவர் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. விதி எழுதுகிறவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள், குளிர்ந்த அறையில் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் எழுதியதைக் கையில் கொண்டு வந்திருப்பவர் இவர். ஆகவே என் கேள்வியை இவர் கையிலேதான் கொடுத்தாக வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்ததை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். கல்லாற்றுச் சரிவில் தீ. ஊரே ஓடியது. பச்சைக் குழை ஒடித்து அடித்தவர்கள் எத்தனை பேர், குடத்தில் தண்ணீர் சுமந்த தாய்மார்கள் எத்தனை பேர். தீ அணைந்தது. இரண்டு நாள் கழித்து அப்போதிருந்த அதிகாரி, வேலை பார்த்த அத்தனை பேருக்கும் தீயணைப்புக் கூலி என்று பணம் கொண்டு வந்தார். இதே இடத்தில், இதே ஆலமரத்தடியில். நம் அண்ணாச்சி எழுந்தார். என்ன சொன்னார் என்று உங்களுக்கெல்லாம் மனப்பாடம்.

"ஐயா, இது எங்க காடு. எங்க வீட்டுல தீப்பிடிச்சா எங்களுக்கு யாரு கூலி குடுக்கா? கொண்டாந்த பணத்த அப்படியே எடுத்துட்டுப் போங்க."

அடடா, என்ன கம்பீரம். ஊர் கைதட்டியது. செய்தித்தாளில் படம் வந்தது. கூலிக்குப் பதிலாகக் கௌரவம் போதும் என்றீர்கள். சரி என்று சொல்லி, அடுத்த வாரமே ஆளுக்கொரு பொன்னாடை போர்த்தினார்கள், அன்றிலிருந்து வருடா வருடம் பொன்னாடைதான். வேறு எந்த ஊராயிருந்தாலும் கூலியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டிருக்கும். தாமிரபரணித் தண்ணீர் குடித்த நமக்குத்தான் மானம் மூக்குக்கு மேல் நிற்குமே. ஊருக்கு உழைத்ததற்குக் கூலி வாங்கினோம் என்று பேர் வந்துவிடக் கூடாது நமக்கு.

இனி பின்பக்கத்தைப் புரட்டுகிறேன். அரசாங்கப் பணம் நம் வீட்டுச் சுருக்குப்பைப் பணம் மாதிரி இல்லை. சம்பளத்துக்கும் கூலிக்கும் ஒரு கணக்குத் தலைப்பு, விழாவுக்கும் விழிப்புணர்வுக்கும் வேறொரு தலைப்பு. ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றில் போட முடியாது. ஒரு தலைப்பில் வந்த பணம் செலவாகாமல் போனால் மார்ச் முடிவில் திரும்பிப் போய்விடும். திரும்பிப் போன தலைப்புக்கு அடுத்த வருடம் கேட்டால் மேலிடம் என்ன சொல்லும்? "போன வருடம் உங்களுக்குத் தேவைப்படவில்லையே" என்று சொல்லும். நீங்கள் திருப்பியது ஒரு நாள் கூலியை. அவர்கள் அதிலிருந்து படித்துக்கொண்டதோ, இந்த ஊரில் காட்டைக் காக்க ஆளுக்குச் சம்பளம் தேவையில்லை என்கிற பெரிய பாடத்தை.

அதன் பலனை முதலில் அனுபவித்தவர் பெருமாள்ராஜ். இந்தச் சரகத்தில் தற்காலிகக் காவலராக வெயிலிலும் மழையிலும் நடந்தவர். மறு வருடம் அவருக்கு வேலை நீட்டிப்பு வரவில்லை. "ஊர்க்காரங்களே பாத்துக்கிடுதாங்களே, தனியா ஆள் எதுக்கு?" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். போகிற அன்றைக்கு அண்ணாச்சி வீட்டுக்கு வந்து சொன்னாராம்.

"அண்ணாச்சி, நீங்க வேண்டாம்னு சொன்னது உங்க கூலிய மட்டும் இல்ல. என் கூலியும் அந்தப் பையிலதான் இருந்துச்சு."

இதை எனக்குச் சொன்னவரே அண்ணாச்சிதான். யாரும் அவரைக் குறை சொல்லாதீர்கள். அவர் செய்தது பெருந்தன்மை. பெருந்தன்மையைப் பிடித்துக்கொண்டு பிழைப்பு நடத்துகிறவர்களைத்தான் நான் குறை சொல்கிறேன்.

இந்தப் பங்குனிக்கு வருவோம். சொன்ன சொல் தவறாமல் தீ வந்தது. மேட்டில் காவலர் இல்லாததால் புகையைக் கண்டது தாமதம். கண்டபோது தீ பாதிச் சரிவு ஏறிவிட்டது. பெருமாள்ராஜ் இருந்திருந்தால் காற்றின் திசை பார்த்து, கீழ்ப்பக்கமாகச் சுற்றிக் கூட்டிப் போயிருப்பார். ஆள் இல்லை. போனவர்கள் மேலே ஏறி, தீ வருகிற வழியிலேயே போய் நின்றார்கள். கையில் குழை, உடம்பில் வனத்தோழர் என்று அச்சடித்த பச்சை நைலான் மேல்சட்டை, காலில் ரப்பர் செருப்பு. துணிக்காரன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். நைலான் தீயில் எரியுமுன்னே உருகும். உருகித் தோலோடு ஒட்டும். சம்பளக் காவலருக்குப் பூட்ஸும் பருத்திக் காக்கியும் கொடுக்க விதி இருக்கிறது. தன்னார்வலருக்கு? தொப்பி கொடுக்கலாம் என்று இருக்கிறது.

சிவகணேஷைத் தெரியாதவர் இங்கே யார்? லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். பத்தமடைப் பாயும், நம் ஊர் வாழைத்தாரும் அவர் வண்டியில்தானே பாளையங்கோட்டைக்குப் போகும். முந்திக்கொண்டு போனவர் அவர். நடுவில் மாட்டிக்கொண்டவரும் அவர். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் மனைவி சங்கரி போன வாரம் என் கடைக்கு வந்தார். துணி எடுக்க வரவில்லை. நின்றுகொண்டே பேசினார்.

"அண்ணாச்சி, செருப்பு உருகி ரெண்டு பாதத்துலயும் ஒட்டிக்கிட்டு. ஆஸ்பத்திரியில பைய பைய உரிச்சு எடுத்தாவ. இப்ப அவியளால கிளட்ச மிதிக்க முடியல. வண்டி வாசல்ல நிக்கு. ஆபீஸுக்குப் போயி கேட்டேன். 'உங்க வீட்டுக்காரர் எங்க வேலைக்காரர் இல்லம்மா, தன்னார்வலரு'ன்னு சொல்லுதாவ. போன வருசம் அவியளுக்குச் சால்வை போட்ட போட்டோவ எடுத்துக் காட்டுதாவ."

தாய்மார்களே, நெஞ்சு பதறவில்லையா? எனக்குப் பதறியது. வேலை பார்த்ததற்குச் சாட்சி கேட்டுப் போன பெண்ணிடம், வேலைக்காரன் இல்லை என்பதற்குச் சாட்சியாகப் பொன்னாடைப் படத்தைக் காட்டியிருக்கிறார்கள். சிரித்த முகத்தோடு கழுத்தை நீட்டி நிற்கிறார் சிவகணேஷ், அந்தப் படத்தில். அதுவும் நான் விற்ற துணி. வழக்கு போட்டிருக்கிறார் சங்கரி, பாளையங்கோட்டையில். வக்கீல் நம்பிக்கை கொடுத்திருக்கிறார். சங்கரி கேட்பது பிச்சை இல்லை. என் கணவர் அன்றைக்குச் செய்தது காவலர் செய்ய வேண்டிய வேலை, அதற்கு ஈடு கொடுங்கள் என்று கேட்கிறார். அவ்வளவுதான்.

வழக்கு நடக்கிறது. நடக்கும்போதே இந்த விழா வருகிறது. விழாவுக்கு மறுநாள், அதாவது நாளைக்கு, கிராமசபை வருகிறது. கிராமசபையில் ஒரு தீர்மானம் வருகிறது. வரவிருக்கிற புதிய வனத் தன்னார்வலர் விதிகளுக்கு ஆத்தியடிப்புதூர் முன்னோட்டக் கிராமமாக இருக்கச் சம்மதம் என்று நீங்கள் கை தூக்க வேண்டுமாம். விதிகளைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ஒளிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். முதல் பக்கத்தில் யானைப் படம் அழகாக இருக்கிறது. எல்லோரும் யானையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம்.

நான் புரட்டிப் பார்த்தேன். தன்னார்வலர் உள்ள சரகத்தில் காலியான காவலர் இடத்தை நிரப்பத் தேவையில்லை என்று இருக்கிறது. மிச்சமாகிற சம்பளப் பணத்தை விழிப்புணர்வுத் தலைப்புக்கு மாற்றலாம் என்று இருக்கிறது. நேற்று வரை ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு காசு நகராது என்றவர்கள், இதற்கு மட்டும் வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள் பார்த்தீர்களா. அதற்குக் கீழே இருக்கிறது சூட்சுமம். பாராட்டோ சிறப்போ பெற்றுக்கொண்டவர், அந்த ஆண்டு முழுவதும் செய்த பணியைத் தன்னார்வமாகவே செய்தவராகக் கருதப்படுவார். இந்த விதி எப்போதிலிருந்து? சம்மதம் கொடுத்த நாளிலிருந்து இல்லை. இந்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து, அதாவது ஜனவரியிலிருந்து.

ஏன் முன்தேதி? நாளைக்குச் சம்மதம் வாங்குகிறவர்களுக்கு, நடந்து முடிந்த பங்குனி மாதம் எதற்கு? பங்குனியில் நடந்தது என்ன? யார் காலில் தீப்பட்டது? யார் வழக்குப் போட்டது? இன்றைய நிகழ்ச்சி நிரலில் முதல் பொன்னாடை யாருக்கு? சிறப்பு வீரர் சிவகணேஷுக்கு, அவர் சார்பில் மேடையேறிப் பெற்றுக்கொள்பவர் அவருடைய மனைவி. இன்று ராத்திரி சங்கரியின் தோளில் விழுகிற துணி, நாளைக்கு நீங்கள் கை தூக்கினால், அந்த வழக்கின் முகத்தில் போர்த்துகிற துணி. இது தற்செயல் என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள். நான் என் கடைக்கு ஷட்டர் போட்டுவிட்டு உங்கள் காலில் விழுகிறேன்.

இதோ, தலைவர் துண்டுச் சீட்டு அனுப்புகிறார். எதிர்பார்த்தேன். மேடையில் உண்மை சூடேறுகிறபோதெல்லாம் துண்டுச் சீட்டு வரும், சுருக்கமாகப் பேசவும் என்று வரும். பேச்சைச் சுருக்கலாம் அண்ணாச்சி, பெருமாள்ராஜ் நடந்த தூரத்தைச் சுருக்க முடியுமா? எதற்கும் படித்துவிடுகிறேன். "பின்னால் உள்ளவர்களுக்குக் கேட்கவில்லை. உரக்கப் பேசவும்."

அண்ணாச்சி, என்னை மன்னியுங்கள். சந்தேகப்படுவதையே பழக்கமாக வைத்திருக்கிறவனுக்கு இப்படித்தான் ஆகும். மைக் தம்பி, சத்தத்தைக் கூட்டப்பா.

என்னம்மா? பிரம்மநாயகி அம்மா எழுந்து ஏதோ கேட்கிறார்கள். எல்லோருக்கும் கேட்கட்டும், உரக்கச் சொல்லுங்கள். "நாளைக்கு அங்கன தீ புடிச்சா, போவாண்டாம்னு சொல்லுதியளா, அண்ணாச்சி? பாத்துக்கிட்டு நிக்கவா சொல்லுதிய?" என்று கேட்கிறார்கள்.

இந்த மேடையில் இதுவரை யாரும் கேட்காத நல்ல கேள்வி இது. இல்லை தாயே. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சொன்னாலும் நீங்கள் கேட்க மாட்டீர்கள். தீ பிடித்தால் நீங்கள் போவீர்கள். இரவென்றாலும் போவீர்கள், மழலையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவீர்கள், உலையை இறக்கி வைத்துவிட்டுப் போவீர்கள். அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும். அதுதான் அம்மா எனக்குப் பயமாயிருக்கிறது. உங்கள் இரக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு ஒரு விதி எழுதியிருக்கிறார்கள். எப்படியும் போகிறவர்களுக்கு எதற்குச் சம்பளம், எப்படியும் போகிறவர்களுக்கு எதற்குப் பூட்ஸ் என்று எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே போவோம். போகும்போது தலை நிமிர்ந்து, கூலி கேட்டுப் போவோம். கூலி கேட்பது கேவலமா? மருத்துவர் உயிரைக் காக்கிறார், சம்பளம் வாங்குகிறார், அவருடைய மாண்பு குறைந்துவிட்டதா? ஆசிரியர் அறிவைத் தருகிறார், சம்பளம் வாங்குகிறார், அவர் தியாகம் தேய்ந்துவிட்டதா? இதோ நம் அதிகாரி ஐயாவும் சம்பளம் வாங்கித்தான் காட்டை நேசிக்கிறார், அவருடைய நேசத்தை நாம் சந்தேகப்படுகிறோமா? சம்பளம் வாங்குகிறவரின் அன்பு அன்பாக இருக்கும்போது, நம் அன்பு மட்டும் ஏன் இலவசமாக இருக்க வேண்டும்? கூலி என்பது காசு மட்டும் இல்லை ஐயா. கூலி கொடுத்தவன், நீ விழுந்தால் தூக்கக் கடமைப்பட்டவன். பாராட்டியவன் கைதட்டிவிட்டுக் கார் ஏறிப் போய்விடலாம். நம் வீட்டுப் பிள்ளை விழுகிறபோது கார் ஏறிப் போகிறவர்கள் நமக்கு வேண்டுமா, தூக்குகிறவர்கள் வேண்டுமா?

நாளைக்குக் கிராமசபையில் கை தூக்குங்கள். தூக்க வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. இந்த விதிக்குச் சம்மதமில்லை என்று தூக்குங்கள். காலியான காவலர் இடத்தை நிரப்பு என்று தூக்குங்கள். திருப்பூரில் பனியன் மடிக்கிற பெருமாள்ராஜைத் திரும்பக் கூப்பிடு என்று தூக்குங்கள். தீக்குப் போகிற எவரும் அன்றைக்கு அரசின் வேலையாள் என்று எழுது, அதைச் சிவகணேஷிலிருந்து தொடங்கு என்று தூக்குங்கள்.

சங்கரி என் கடையில் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "வாங்கினா கேஸு போயிரும். வாங்காட்டா ஊரு என்னைத் திமிரு புடிச்சவளுன்னு சொல்லும். நான் என்ன செய்ய, அண்ணாச்சி?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நான் இல்லை, நீங்கள்தான். அதனால்தான் வாழ்த்துரை என்று பொய் சொல்லி இந்த மைக்கைப் பிடித்தேன்.

அதோ, மூன்றாவது வரிசையில் எழுந்து நிற்கிறார் சங்கரி. வழி விடுங்கள் தம்பிகளே, நாற்காலியை நகர்த்துங்கள். பைய வாங்கம்மா, படி உயரமாக இருக்கிறது. அதிகாரி ஐயா, நீங்கள் எழ வேண்டாம், தாம்பாளத்தையும் எடுக்க வேண்டாம். அவர் கை நீட்டியது அந்தப் பக்கம் இல்லை, இந்த மைக்குக்கு.

இவ்வளவு நேரம் ஒரு சந்தேகக்காரனைச் சகித்துக்கொண்ட பெரியோர்களுக்கும், உரக்கப் பேசச் சொன்ன தலைவர் அண்ணாச்சிக்கும், சரியான கேள்வி கேட்ட பிரம்மநாயகி அம்மாவுக்கும் நன்றி. உங்கள் அனைவர் மீதும் சாந்தி நிலவட்டும், வணக்கம். எனக்குக் கொடுத்த நேரத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அது இந்தத் தங்கச்சிக்கு. பேசும்மா, ஊர் கேட்கும்.